பதினாறு

ஜம்பட்டா வீதியில் காலை பத்து மணிக்குக்
குதிரை ஓடாது.
இங்கிலாந்தில் அவை இன்னும் நித்திரை.
அதனால்தான் பெட்டிங் கடை முதலாளி
சனிக்கிழமைக் காலையைச் சும்மா கொடுத்தார்:
புது பிளக்ஜாக் மெஷின் மூன்று,
ஆளுக்கு ஐந்நூறு புள்ளி, இருபத்தைந்து ஆட்டம்,
சல்லி வேண்டாம்.
முதல் பரிசு ஒரு ரைஸ் குக்கர்,
காசாளன் கூண்டுக்கு மேல்
பொலித்தீன் உரிக்காமல்.

வந்தது ஆறு பேர்.
பக்கத்துக் கொமியூனிகேசனில்
போட்டோக்கொப்பி எடுக்கும் நான்.
ஓட்டோவை வாசலில் விட்டுவிட்டு வந்த நிஸ்தார் நானா,
"காசில்லாட்டி சூதில்லைத்தானே?" என்று
ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்.
யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.
துறைமுகத்துப் பென்சன்காரர் ரெஜினோல்ட் அங்கிள்,
கோயில் மண்டபத்தில் முன்னூற்றிநாலு ஆடிக் கை பழகியவர்.
கீரைக்கட்டோடு சுமனாவதி அக்கா.
ஐந்துலாம்புச் சந்தியில் மூட்டை தூக்கும் நாகமுத்து.
அவனுடைய மச்சான், பெயர் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்திலேயே அங்கிளுக்குக் கோபம்.
முன்னூற்றிநாலில் வீரன்தான் எல்லாருக்கும் மேல்,
ராசாவுக்கு மூன்றே புள்ளி.
இங்கே வீரன், ராணி, ராசா
மூன்று பேருக்கும் ஒரே பத்து.
"மரியாதை தெரியாத மெஷின்" என்றார்.
அந்தக் கோபத்திலேயே ஐந்நூறையும் விட்டார்.

அக்காவுக்கு எண்ணே தேவைப்படவில்லை.
சிவப்பு வந்தால் இன்னொன்று,
கறுப்பு வந்தால் போதும்.
வென்றுகொண்டே போனார்.

மெஷினுக்கு ஒரு பெண்குரல், இங்கிலீஷில்.
வென்றாலும் தோற்றாலும்
பாங்க் டெலிபோனில் காத்திருக்கச் சொல்லும்
அதே தொனி.

நாகமுத்து பன்னிரண்டில் நின்றான்.
பதின்மூன்றில் நின்றான்.
"இதுக்கு மேல ஏத்தினா முதுகு போயிரும்ணே."
பாதி நேரம் அது சரியாகவும் இருந்தது.

பிறகு எனக்கு வந்தது
ஒன்பதும் ஏழும்.
எதிரே மெஷின் காட்டியது ஒரு ராசா.

பதினாறு.
என் கலியாணத்தில் இருநூறு பேராவது
அறுகரிசியோடு சேர்த்துத் தலையில் போட்ட எண்.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்றார்கள்.
கரண்ட் போன ஓர் இரவில்
நானும் அவளும் கணக்குப் பார்த்தோம்.
கல்வி, ஓஎல் வரைக்கும்.
நோயின்மை அரைவாசி, அவளுக்கு இழுப்பு.
பொன் செட்டியார் தெருவில், அடகில்.
நெல், வாரம் ஐந்து கிலோ.
பொறுமையை அவள் தன் பக்கம் எழுதிக்கொண்டாள்.
இழுத்துப் பிடித்து ஏழு வந்தது.

இந்த மெஷினிலோ
பதினாறைப்போல் கேடுகெட்ட எண் கிடையாது.
நின்றால் போதாது.
எடுத்தால் உடையும்.

"எடுங்க" என்றார் நானா.
"கன்ன எப்பா மல்லி, கன்ன எப்பா" என்று
அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.
நாகமுத்து தலையாட்டினான், பாரம் சரி என்பதுபோல.
அங்கிள் துரும்பு எது என்று கேட்டார்.
இத்தனை பாஷையில் நாங்கள் முடிவெடுப்பதற்குள்
இருபது விநாடி போய்விட்டது.
எனக்காக மெஷினே நின்றுகொண்டது.

தன்னுடைய கவிழ்ந்த கடதாசியைத் திருப்பியது.
ஆறு.
அதற்கும் பதினாறு.

சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை
அப்போதுதான் வாசித்தோம்.
பதினாறில் நிற்க அதற்கு அனுமதியில்லை.
எடுத்தே ஆகவேண்டும்.
"யோசிக்க விடாத வேலை" என்றான் மச்சான்.
அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

எடுத்தது. ராணி.
இருபத்தாறு.
கூண்டுக்குள் இருந்த பெடியனும் சேர்ந்து கத்தினான்,
சம்பளம் தருகிற கடை தோற்றதற்கு.
கடைசியில் நான் நாலாவது.

குக்கர் அக்காவுக்கு.
வயரைக் கையில் சுற்றிக்கொண்டு,
கீரையை நாற்காலியில் மறந்துவிட்டுப் போனார்.
நானா அதை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனி இலவசமில்லை,
ஆட்டத்துக்கு நூறு ரூபாய்.
ஆறு பேரில் நாலு பேர்
வந்திருந்தோம்.
வீட்டில் நான்
கீரை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.