நிறுத்தம்

எங்கள் ஐயா இரண்டு முறை நின்றார்.
முதல் முறை தோற்றார்,
அடுத்த முறை பதினோராயிரத்துச் சொச்சத்தில் ஜெயித்தார்.
செட்டிநாடு ஸ்டேஷனில் அந்த ராத்திரி வண்டி
ஒரு முறையும் நிற்கவில்லை.
இதைச் சொன்னது நானில்லை,
கானாடுகாத்தான் உமையாள்.

சமையல் செட் வைத்திருக்கிறது அந்த அம்மா.
பதினாலு ஆள், ஆறு அண்டா, ஆளுயரத் துடுப்பு இரண்டு.
மெட்ராஸில் கல்யாணம் முடித்துத் திரும்பினால்
வீட்டைத் தாண்டிப் போய்க் காரைக்குடியில் இறங்கி
லோடு ஆட்டோவுக்கு எண்ணூறு அழுதுவிட்டு
வீட்டுக்கு வர வேண்டும்.
"ரெண்டே நிமிஷம் நின்னா என்ன,
சக்கரம் தேஞ்சா போயிரும்?"

எம்.பி. ஆபீஸ் செக்காலையில்,
ஒரு பெரிய வீட்டின் முகப்பறையில்.
வீட்டுக்கு முப்பத்தொன்பது பங்கு.
ஒரு ஓடு மாற்றுவதென்றால்
மலேசியாவில் ஒருவர், கோவையில் நாலு பேர்,
பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் தம்பி,
எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.
போன வருஷ மழைக்கு வைத்த வாளி
இன்னும் என் மேசைப் பக்கத்திலேயே இருக்கிறது.
டெல்லியில் ஐநூற்று நாற்பத்து மூன்று பங்காளிகள் என்றேன்.
"அப்ப ஒழுகத்தான் செய்யும்" என்றது.

கேள்வியை எழுதியது நான்தான்.
(அ) மேற்படி வண்டி செட்டிநாடு நிலையத்தில்
நிற்பதில்லை என்பதை அரசு அறியுமா;
(ஆ) அறியுமெனில், அதற்கான காரணங்கள் யாவை;
(இ) எப்போது முதல் நிற்கும்?
அண்டாவைப் பற்றி எழுத அதில் இடமில்லை.

குலுக்கலில் விழுந்தது. நட்சத்திரம் விழவில்லை.
நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு
அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியதில்லை,
ஐயாவும் எழ வேண்டியதில்லை.
தாள் வரும்.
வந்தது.
(அ), (ஆ): நிறுத்தம் வழங்குவது தொடர்ந்து நடைபெறும் ஒரு பணி.
(இ): கேள்வி எழவில்லை.

நாலு தடவை திருத்தி,
அரைப்புள்ளி பார்த்துப் பார்த்து வைத்த கேள்வி.
எழவில்லையாம்.

ஐயாவுக்குக் கோபம் வந்தால் சாக்கோட்டைப் பேச்சு வந்துவிடும்.
பூஜ்ய நேரத்துக்குப் பெயர் கொடுத்தார்.
சாயங்காலத்துக்குத் தள்ளி, ஏழே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.
அவையில் இருபது பேர் இருந்தால் அதிகம்,
அதில் ஒருவர் தூங்கினார்.
சேவுகமூர்த்தி எழுந்தார்.
ரயிலில் ஆரம்பிக்க வேண்டியவர்
அண்டாவில் ஆரம்பித்தார்.
ஆறு அண்டா, மாண்புமிகு தலைவர் அவர்களே.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மொழிபெயர்த்தவர்
அதற்கு என்ன சொல் போட்டாரோ,
முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்.
மணி அடித்தது. மைக் அணைந்தது.
திரையில் ஐயாவின் வாய் மட்டும்
கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.
உட்காருங்கள். உட்காருங்கள்.

ராத்திரி போன் வந்தது.
"எத்தன செகண்டுப்பா வந்துச்சு?"
ஐம்பத்திரண்டு என்றேன்.
நாற்பத்தொன்றுதான்.

தை மாதம் ஒரு விடியற்காலை,
சிக்னல் கோளாறோ, மாடு குறுக்கே வந்ததோ,
நாலு இருபதுக்கு வண்டி செட்டிநாட்டில் நின்றது.
உத்தரவில்லாமல், அட்டவணையில் இல்லாமல்.
உமையாள் ஆட்களை உலுக்கி எழுப்பி
இருட்டில் கைமாற்றிக் கைமாற்றி
ஐந்து அண்டாவை இறக்கிவிட்டது.
ஆறாவது வாசலில் சிக்கியிருக்கும்போதே
வண்டி நகர்ந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் நின்றது.
"ஐயாட்டச் சொல்லிருங்க. நின்னுருச்சு."
அது ஐயா செய்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
தேர்தலுக்குப் பதினாலு மாதம் இருந்தது.
தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

போன அண்டா காரைக்குடி பார்சல் ஆபீஸில் இருந்தது.
ரசீது இல்லாமல் தர மாட்டார்களாம்,
எம்.பி. லெட்டர் இருந்தால் பார்க்கலாமாம்.
ஐயா முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்த
சிங்கமுகத் தாள் ஒன்றை எடுத்தேன்.
அடித்தேன்:
மேற்படி பாத்திரம் எனது தொகுதியைச் சேர்ந்தது.