நல்ல நிலையில்

டண்டீ நகரம், மூன்றாம் மாடி.
படுக்கையறைச் சுவரோரம் பதினான்கு நிற்கின்றன,
குழாய்களைத் தோளில் சுற்றிக்கொண்டு.
ஹங்கேரியிலிருந்து வந்தது பூசணிக்காய்போல் உருண்டை.
பல்கேரியாக்காரிக்குச் சக்கரம் கிடையாது,
பனியில் இழுப்பதுபோல் இரண்டு சறுக்குக் கட்டைகள்.
பிறந்த நாட்டின் எல்லை தாண்டி
விலைக்குப் போகாத வேக்குவம் கிளீனர்கள் மட்டும்தான் எனக்கு.
பக்கத்துக் கடையில் கிடைப்பதைச் சேர்க்க
எதற்கு ஒரு பைத்தியம்?

பகலில் லிஃப்ட் மெக்கானிக்.
மேலும் கீழும் போவதே பிழைப்பு.
மாலையில் எங்கும் போகாதவற்றோடு இருக்கிறேன்.

பதினைந்தாவது ஜப்பானிலிருந்து,
ஏழு வாரம் கப்பலில், சீமைப்பனிச்சைப் பழப் பெட்டிக்குள்.
சுங்கப் படிவத்தில் 'பொருளின் பயன்' என்றொரு கட்டம்.
அனுப்பியவர் எழுதியிருந்தார்: இல்லை.

வெளிர்பச்சை எனாமல். நெஞ்சில் குரோமியப் பட்டை.
ஒரு கீறல் இல்லை.
தூசுப்பைத் துணியில் கஞ்சியின் மொடமொடப்பு போகவில்லை.
அறுபத்திரண்டு வயதில் இப்படி ஓர் உடம்பு
யாருக்கு வாய்க்கும்?

அதற்கு நூறு வோல்ட் போதும்.
எங்கள் சுவர் தருவது இருநூற்று நாற்பது.
நேராகச் சொருகினால் ஒரு நொடி கத்திவிட்டுக் கரியாகும்.
அதனால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன்.
பதினோரு கிலோ துபாஷி,
பெரிய பேச்சைச் சின்னதாக்கிச் சொல்ல.

ஓடவிடவில்லை. சேர்க்கிறவன் அல்லவா.
துடைத்தேன். படம் எடுத்தேன்.
வயிற்றடியில் ஒரு காகிதச் சீட்டு, மூன்று எழுத்துகள்.
என்னவென்று கேட்டு, விற்ற அம்மாளுக்கு
மாட்சுமோட்டோ ஊருக்கு எழுதினேன்.
எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று
இரண்டு பத்தி புகழ்ந்தும் வைத்தேன்.

யாயெகோ சுகிமோரியின் பதில் ஒரே பக்கம்.

"அன்புள்ள பெட்ரி,
அது எங்கள் விடுதியின் பெயர்.
நான் மணமாகி வந்த வருடம் மாமனார் வாங்கினார்.
முதல் நாளே இரண்டாம் அறை விருந்தாளி
மேலே ரயில் விட்டிருக்கிறீர்களா என்று இறங்கி வந்தார்.
வேலைக்காரப் பெண்கள் துடைப்பத்தையே திரும்ப எடுத்தார்கள்.
மொத்தம் ஒன்பது நாள்.
பிறகு போர்வைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம்.
பத்திரமாக வைக்கவில்லை. மறந்துபோனோம்.
அடுத்து வாங்கியதுதான் நல்ல மெஷின்.
இருபது வருடம் உழைத்து, கைப்பிடி தேய்ந்து,
சக்கரம் ஒன்று கழன்று, ஒரு மழைநாளில் நின்றது.
அதன் ஒரு திருகாணிகூட இன்று எங்களிடம் இல்லை."

மடித்து வைத்தேன். பதினான்கையும் பார்த்தேன்.
எல்லாம் ஏன் இப்படிப் பளபளக்கின்றன என்று
கேட்டுக்கொள்ள எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.
பூசணிக்காய் மாடிப்படியில் உருண்டிருக்கும்.
பல்கேரியாக்காரி யார் கணுக்காலை இடித்தாளோ.
கை தேடியதெல்லாம் தேய்ந்து தீர்ந்தது.
கை விட்டதெல்லாம்
விலை ஏறி என் சுவரோரம்.

ஷோனா கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
"கம்பளத்தில் நேற்றைய ரொட்டித்தூள் அப்படியே கிடக்கிறது."

துபாஷியைச் சொருகினேன். பொத்தானை அழுத்தினேன்.
அந்த விருந்தாளி சொன்னதில் பொய்யில்லை.
முதலில் ஓர் இருமல், அப்புறம் ரயில்.
ஜன்னல் கண்ணாடியும்
அதற்கு அப்பால் டே நதியும் நடுங்கின.
தூள் போயிற்று.
திருப்பும்போது சோபாக் காலில் மோதி
பச்சை எனாமலில் நகக்கண் அளவு ஒரு கீறல்.
நான் நிறுத்தவில்லை.

கீழ்வீட்டு கெடிஸ்
துடைப்பக்கட்டையால் தன் கூரையை மூன்று முறை இடித்தார்.

ஷோனா கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்,
நாற்காலிக்கு அடியிலும் வரட்டும் என்று.

பத்தாம் நாள்.