முத்தவல்லி வேஷம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு கூடம்.
பயிற்சியின் மூன்றாம் நாள்.
மாங்கூழ் ஆலைகள் ராப்பகலாய் ஓடும் மாதம்;
ஜன்னலைச் சாத்தினாலும்
பெங்களூரா வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது,
பெயர் கொடுக்காத இருபதாவது ஆளாக.

நாங்கள் பத்தொன்பது பேர்.
செருப்புகளைப் படியில் விட்டிருந்தோம்,
புர்காக்களை ஆணியில்.
முதல் நாளே ஒரு படத்தை விரித்து
இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்றார்கள்.
வீட்டில் தக்னி, பள்ளியில் தமிழ்.
இரண்டிலும் துழாவினோம்.
வசவுகளில் இருந்தது.
மற்றபடி அது, அங்கே, கீழே.
கௌஹர் மட்டும்
காவேரிப்பட்டணம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவருக்குக்
காட்டுவதுபோலக் கையை வீசினாள்.

இன்று ஒத்திகை.
ப்ளஸ் ஒன் படிக்கிற பெண்ணின் நிக்காஹை நிறுத்தச் சொல்லி
ஜமாஅத்தில் பேச வேண்டும்.
யாராவது முத்தவல்லி ஆக வேண்டும்.
விசிறியைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம்.
பியாரிஜான் எழுந்தாள்.
ஆலையில் கொட்டை பிரிக்கிறவள்,
நகக்கண்ணில் மஞ்சள் போகாதவள்,
சீசனில் மூன்று நாள் கூலியை விட்டு வந்தவள்.
கைக்குட்டையைத் தலையில் கட்டினாள்.
தொண்டையைச் செருமினாள்.
அந்தச் செருமலுக்கே
பாதிப் பேர் முக்காட்டை இழுத்துவிட்டோம்.

"யாரம்மா உங்களை அனுப்பினது?
தலைக்கு எவ்வளவு தர்றாங்க?
காப்பர்-டி போடச் சொல்லித் தர்றீங்களாமே,
வீட்டுக்காரருக்குத் தெரியுமா?
நம்ம வீட்டு விஷயத்தைக் கலெக்டர் ஆபீஸ்ல கொட்டணுமா?"
மூச்சு விடவில்லை.
இதெல்லாம் எங்கே பாடம் படித்தாய் என்று
ஜரினா இடையில் கேட்டதற்கு
"திரைக்கு இந்தப் பக்கம்" என்றாள்,
குரலை மாற்றாமலே.

பதில் சொல்ல வேண்டியவள் நான்.
இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.
சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசி
கையெழுத்து வாங்கத் தெரிந்தவள்.
பதினொரு பாயிண்ட் எழுதி வைத்திருந்தேன்;
மூன்று வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது.
நாலாவதாக, எழுதி வைக்காத ஒன்று வந்தது:
"என் ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே என்று
பெரியாஸ்பத்திரியில் என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.
அவர்கள் யாரும் தாடி வைத்திருக்கவில்லை, ஹஜரத்.
உங்களிடம் மட்டும் சண்டைக்கு வரவில்லை நான்.
அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?"

"கேட்டோம்.
முறைப்படி மூணு தடவை."

"என்ன சொன்னாள்?"

கீழே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மோட்டாரை
யாரோ நிறுத்தினார்கள்.
கைக்குட்டை தலையிலேயே இருந்தது,
முத்தவல்லி இல்லை.

"இருமினேன்" என்றாள் பியாரிஜான்.
"சளி எனக்கு. டேம் தண்ணி திறந்த வாரம்.
திரைக்கு அந்தப் பக்கம் 'சம்மதம், சம்மதம்'னு சத்தம்.
எழுதிட்டாங்க."

யாரோ சிரித்தாள்.
எல்லோரும் சிரித்தோம், கண்ணில் நீர் வரும்வரை.
பிறகு அதைத் துடைக்க
ஒவ்வொருத்திக்கும் வெவ்வேறு நேரம் ஆனது.
பயிற்சி கொடுக்க ஓசூரிலிருந்து வந்த மெகராஜ்
மார்க்கர் மூடியைத் திறந்தார்,
எதுவும் எழுதாமல் மூடினார்.

அஸர் பாங்கு ஒலித்தது.
ஏழு பேர் மூலையில் தொழ நின்றார்கள்.
கௌஹர் கர்ப்பப்பைப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.
சலாம் கொடுத்து எழுந்ததும்
கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பார்த்தாள்.
திருப்பி வைத்தாள்.

ஆணியிலிருந்து புர்காவை எடுத்தபடி
பியாரிஜான் சொன்னாள்:
"நாளைக்கு வேற யாராவது முத்தவல்லி ஆகுங்க.
நான் பொண்ணா உட்கார்றேன்.
மூணு தடவையும் கேளுங்க, அவசரப்படாம.
இருமல் வந்தா
தண்ணி குடுங்க.
எழுதாதீங்க."