பதினான்காம் எண்

கில்லிபெக்ஸ் மேட்டில் எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
அதில் ஒன்றுக்கு மட்டும்
குனிந்து போய்த்தான் தபால் போட வேண்டும்.

டெர்வ்லா அதை வாங்கி வந்த நாள் எனக்குத் தெரியும்.
பெட்ரோல் பங்க் வாசலில், கரி மூட்டைகளுக்குப் பக்கத்தில்,
விலை குறைத்து வைத்திருந்த தொட்டி.
ஐந்தே இலை. ஃபார்மியம் என்று சீட்டு.
முழங்கால் உயரம் வளரும் என்றும் அதே சீட்டு.
அதை எழுதியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மீன் தொழிற்சாலையில் அவளுக்கு இரவு வேலை.
விடிந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
அதன் முன் நின்று தேநீர் குடிப்பாள்.
"ரோஜாவை உப்புக்காற்று தின்றது,
லாவெண்டரை மழை தின்றது,
இதைத் தின்ன எது வருகிறதென்று பார்க்கிறேன்."

ஒன்றும் வரவில்லை.
மூன்றாம் வருடம் ஜன்னலை மறைத்தது,
ஐந்தாம் வருடம் பாதையை.
செம்பும் கருஞ்சிவப்புமாய் உருவிய வாள்கள்
எல்லாம் வானத்தைப் பார்த்து,
ஒன்று மட்டும் என் கன்னத்தைப் பார்த்து.
அவளுக்கொரு புகார்க் கடிதம் எழுதினேன்.
கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவனும் நானே
என்பதால் கிழித்துப் போட்டேன்.

பிறகு அந்த டிசம்பர்.
பதினோரு நாள், கடலின் ஓரமே உறைந்தது.
உருகியபோது
வாள்கள் வெந்த கீரையாய்க் கிடந்தன,
வாளியில் மறந்த மீனின் நாற்றத்தோடு.
ரொட்டிக் கத்தியால் அறுத்தாள். கத்தி முறிந்தது.
ரம்பம் வந்தது. அதன் பல்லெல்லாம் நார் சுற்றிக்கொண்டது.
செத்தும் விட்டுக்கொடுக்கவில்லை.
பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு
நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன்.
அன்று மேட்டில் எல்லோருக்கும் தபால் தாமதம்.

பாதை திறந்தது. நிமிர்ந்து நடந்தேன்.
நிமிர்ந்து நடப்பது
ஏதோ போல இருந்தது.

ஏப்ரலில் அடிக்கட்டையில் ஒரு விசிறி,
விரல் நீளம், கறாராக.
டெர்வ்லா ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கும் ஒரு கோப்பையை நீட்டினாள்.

ஆறு வருடம் கழித்து, இந்தக் கோடையில்
கூரைக்கு மேலே தண்டுகள்.
கருத்த தண்டு, செங்கல் நிறப் பூ.
காற்றுக்குச் சாய்ந்த ஒன்று பாதைக்குக் குறுக்கே.
ஸ்டார்லிங் குருவிகள் தலையை நுழைத்துத் தேன் குடித்துவிட்டு
நெற்றியில் பொடியோடு துறைமுகம்வரை பறக்கின்றன:
சாம்பல் புதனன்று எங்களுக்கு இருப்பதுபோல,
ஆனால் ஆரஞ்சு நிறத்தில்.
எது எங்கே போய் வந்ததென்று
நெற்றியே சொல்லிவிடும்.

மதியம் அலுவலகத்தில் காலிப் பையைத் தொங்கவிட்டேன்.
மேனஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
பிறகு பட்டியலைப் பார்த்தார்.
"பதினான்காம் எண்ணுக்கு
இன்றைக்குத் தபாலே இல்லையே?"