மூன்று மில்லிகிராம் இருட்டு

டாக்டர் ஊய் முட்டைகளைப் பற்றிப் பேசும்போது
குரலைத் தாழ்த்திக்கொள்வார்,
பக்கத்து அறையில் அவை தூங்குவதுபோல.
ஏழு எடுத்தோம். இரண்டு கருவாயின.
மூன்றாம் நாளை இரண்டும் தாண்டவில்லை.
பிறகு என் கோப்பைப் புரட்டி,
"என்ன வேலை?"

பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை.
பதினோரு வருஷமாக இரவு ஷிப்ட்.
மஞ்சள் விளக்கு எரியும் அறையில்
கண்மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.
தூசி ஒன்று விழுந்தால் ஒரு தட்டே வீண்.
இரவு அலவன்ஸில்தான் உங்கள் ஊசிகளுக்குக் கட்டுகிறேன்
என்று சொல்ல வாயெடுத்து
தண்ணீர் குடித்தேன்.

இருட்டில் உடம்பே சுரப்பது, என்றார்.
முட்டை முதிரும் நீரிலும் இருக்கும், காவல்போல.
உதவலாம்; உறுதி சொல்ல மாட்டேன்.
மெலடோனின், மூன்று மில்லிகிராம்,
இரவு ஒன்பதுக்கு.

எந்த இரவு, டாக்டர்?

பகல் ஷிப்ட் கேட்டு மனுப் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
தூக்கமின்மை என்று எழுதினேன்.
புவான் ரொஹானி அதை வாசித்தார்,
என் வயிற்றைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.
மாதம் முந்நூற்றெண்பது வெள்ளி போயிற்று.

என் கணவர் பெயர் கதிரவன்.
இருட்டை மருந்தாகச் சாப்பிடும் வீட்டில்
இப்படி ஒரு பெயர்.
ஜெலுத்தோங் நெடுஞ்சாலை விளக்கு உள்ளே வராமல்
ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பை ஒட்டினார்.
வைஃபை பெட்டியின் பச்சைக்கண்,
டிவியின் சிவப்புப் புள்ளி,
எல்லாவற்றுக்கும் டேப்.
சாமி மேடையின் சிவப்பு பல்ப் முன்னால் மட்டும்
கத்தரிக்கோலோடு நின்றுவிட்டார்.
குடிவந்த நாளிலிருந்து அது அணைந்ததில்லை.

பிள்ளை வரம் கேட்டு
எத்தனை கோயிலில் விளக்குப் போட்டிருப்பேன்,
எலுமிச்சையில், மாவில், நெய்யில்.
தைப்பூசத்தன்று தண்ணீர்மலை வழியில்
யாரோ சுமந்துபோன கரும்புத் தொட்டிலுக்கு ஒதுங்கி
உடைந்த தேங்காய்ச் சில்லுகளை எண்ணுவதுபோல்
குனிந்து நின்றிருக்கிறேன்.
முருகா, நீயும் கொஞ்சம் தூங்கு என்று
சுவிட்சை நான்தான் தட்டினேன்.

முதல் வாரம் முழுக்க ஒரே கனவு.
தட்டில் தூசி ஒன்று விழுகிறது.
யாரும் துடைக்கவில்லை.
குனிந்து பார்த்தால் அது பிரிகிறது,
இரண்டாய், நாலாய்.
அலாரம் அடிக்கவில்லை.

இன்று காலை ஒன்பது எடுத்தார்கள்.
எத்தனை கருவாயின என்று
நாளை எட்டரைக்குப் போன் வரும்.
அவை இருக்கும் பெட்டிக்குள்ளும்
இருட்டுத்தானாம், சிஸ்டர் சொன்னார்.
சூடாக, சத்தமில்லாமல்.

தண்ணீர் குடிக்க எழுந்த கதிரவன்
மேசைக்காலில் இடித்துக்கொண்டு
"அம்மா" என்றார்.

பதில் சொல்லிவிடாதபடி
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.