அறை எண் பதினாலு

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, புதன்கிழமை.
ஃபேனைப் போட்டால் படிவம் பறக்கும்,
நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கலையும்.
படிவத்தின் மேல் பாரமாக
திறக்காத என் டிபன்பாக்ஸ்.

எதிரே ராசாங்கம், முப்பத்தொரு வயது, சோனாங்குப்பம்.
கூட வந்தவள் அக்கா அஞ்சலாட்சி.
உட்காரும்போதே சொல்லிவிட்டாள்:
"எழுபதுக்குக் கீழ வந்தாத்தான் பணமாமே மேடம்.
ஒரு அறுபதுக்கு முடிச்சுக்கலாம்."
துறைமுகத்தில் கூடை முடிக்கிற குரல்.

ஆரஞ்சும் வாழைப்பழமும் எந்த விதத்தில் ஒன்று?
"ரெண்டும் யாராச்சும் சீக்கா கெடந்தா வாங்குவாங்க."
விடைத்தாள் 'பழம்' என்ற ஒரு சொல்லுக்காகக்
காத்துக்கொண்டிருந்தது.
சுழியம் போட்டேன்.

தெருவில் ஒரு கவர் கிடக்கிறது.
விலாசம் இருக்கு, ஸ்டாம்பு ஒட்டியிருக்கு. என்ன செய்வாய்?
"குனிய மாட்டேன்.
நான் குனிஞ்சா அடிப்பாங்க."
இதற்கும் சுழியம்தான்.
பேனா அதை இரண்டு தடவை சுற்றியது.

பிறகு கட்டைகள். சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது.
அட்டையில் இருக்கிறபடி அடுக்க வேண்டும்.
எட்டைக் கிடுகிடுவென்று வைத்துவிட்டான்.
ஒன்பதாவது அந்தரத்தில்.
அக்கா இருமினாள்.
அவன் அவள் முகத்தைப் பார்த்தான்,
என் பேனாவைப் பார்த்தான்,
வலையில் வந்த சொறிமீனை ஒதுக்குகிற மாதிரி
கட்டையை ஓரமாய் வைத்தான்.
"தெரியல."

சொல்வளம், கணக்கு, ஞாபகம், வேகம் என்று
என்னிடம் பத்துப் பதினோரு கட்டங்கள் உண்டு.
அக்காவின் வீட்டு வாடகை தெரிந்த அறிவை
எதில் எழுதுவது?
நிஜமாகவே அவனுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.
அதைக் கண்டுபிடிக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

கூட்டி, எண்ணை எழுதினேன்.
கைநாட்டு வைக்கிற அஞ்சலாட்சி
மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே
தலைகீழாய் அதைப் படித்துவிட்டாள்.
ஏலக்காரன் நோட்டை
எதிரில் நின்று படித்துப் பழகிய கண்.
சிரிப்பு வாய் வரைக்கும் வந்தது.
தம்பி பக்கம் திரும்பியதும் நின்றுபோனது.

அவன் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்,
ஒன்பதும் சிவப்பு மேலே தெரிய.
மூடியை அழுத்திவிட்டு
டிபன்பாக்ஸை என் பக்கமாகத் தள்ளினான்.
"சாப்ட்டுட்டு அடுத்த ஆளக் கூப்புடுங்க."

படிவம் பறந்தது.
குனிந்து எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
மடியில் ஸ்டாப்வாட்ச்
இன்னும் ஓடிக்கொண்டிருந்ததை.