ஆறுதல் பரிசு

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி
பதினெட்டாவது எட்டில் என் மேஜை.
வீடு இந்தப் பக்கம், லாட்டரி அந்தப் பக்கம்.
நடுவில் ஒரு மஞ்சள் கம்பி,
லாரிகளுக்கு மட்டும் இறங்கும்.
என்னை மறிக்க
யாரும் அதை இறக்கியதில்லை.

விடிகாலையில் விரல்கள் என்னுடையவை அல்ல.
இரவில் யாரோ வந்து
பத்திலும் களிமண் பூசிக்
காயவைத்துப் போயிருக்கிறார்கள்.
வெந்நீர்ப் போசியில் கைகளை ஊறப்போட்டு
ஏழு மணிவரை உட்கார்ந்திருப்பேன்.
எண்ணெய் பாட்டில் மூடியை
எதிர்வீட்டுப் பையன் திறந்து தருவான்,
பள்ளிக்கூடம் லீவு என்றால்
அன்று தலைக்கு எண்ணெய் இல்லை.

ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் என் சீல் விழவேண்டும்.
கட்டுக்கு இருபத்தைந்து.
ஏழாவது சீட்டிலேயே
மணிக்கட்டுக்குள் ஒரு லாரி
ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கும்.

பொள்ளாச்சி டாக்டர் பெயர் சொன்னார்:
முடக்குவாதம்.
வாதமா, யாரோடுங்க என்றேன்.
உங்க உடம்பு உங்களோடயே, என்றார்
சிரிக்காமல்.
ஞாயிறுதோறும் ஆறு மஞ்சள் மாத்திரை.
மாதம் ஒருமுறை ரத்தம்.
வாதம் கொஞ்சம் தணிந்தது,
வலி மட்டும் சாட்சிக்கூண்டை விட்டு இறங்கவில்லை.

அப்புறம்தான் கொழிஞ்சாம்பாறை.
டயர் கடைக்கு மேலே, செங்குத்துப் படி
(மூட்டுவலிக்காரர்களுக்கு யார் பார்த்த இடமோ),
ஊசி டாக்டர் ஸஃபியா.
முதலில் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி
ஒவ்வொன்றாக எண்ணினாள்.
"மருந்து நிர்த்தண்டா. இது அதின்றெ கூடெ மாத்ரம்."
சரி என்றேன்.
இதற்கு முன்னால் பார்த்த எண்ணெய்க்காரர்
எல்லாவற்றையும் சாக்கடையில் போடச் சொல்லியிருந்தார்.

வீங்கிய விரலை அவள் தொடவே இல்லை.
முழங்காலுக்குக் கீழே ஒன்று,
கணுக்கால் பக்கம் ஒன்று,
கடன் வாங்கியவனை விட்டுவிட்டு
அவன் மச்சான் ஊரில் போய் விசாரிப்பதுபோல.
முடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசி.
குத்தியது தெரியவில்லை. பிறகு
உள்ளே எதுவோ கனத்து
மெதுவாகப் பக்கம் மாறிப் படுத்தது.

"வேதனையுண்டோ?"
அவள் பாஷையில் வேதனை உடம்பில் இருப்பது.
என் பாஷையில் அது மனசில்.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.
அவள் ஒரு ஊசியை மட்டும் லேசாகத் திருகினாள்,
எதற்கான ஊசி என்று நான் கேட்கவில்லை.
இருபது நிமிடம்.
கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் நாலு தடவை ஒன்றுமில்லை.
பஸ் காசு தண்டம் என்று வீட்டுக்காரர் சொன்னார்,
நானும் அதையேதான் நினைத்தேன்.
ஐந்தாவது தடவைக்குப் பிறகு
ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினேன்.
எழுந்து, பயந்து, கைகளைத் தேடினேன்.
இருந்தன.

ரத்தப் பரிசோதனையில் எண் அசையவில்லை.
டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
வலி குறைஞ்சா நல்லதுதானே, என்றார்.
மாத்திரை அதே ஆறு.

நேற்று மூன்றேகாலுக்குத் தேங்காய்மட்டை லாரி கனகு
பாதி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.
ஆறு எண்ணும் முதல் பரிசின் எண்.
சீரிஸ் எழுத்து மட்டும் வேறு.
சமாஸ்வாச சம்மானம், எட்டாயிரம்.
ஒரு எழுத்துங்க அக்கா, ஒரே ஒரு எழுத்து என்று
தலையில் அடித்துக்கொண்டான்,
அடித்த கையாலேயே
சீட்டைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தான்.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

கொண்டாட ஒரு கட்டு வேண்டுமென்றான்.
சீலை எடுத்தேன்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
பத்தொன்பதாவது சீட்டில்தான்
லாரி ரிவர்ஸ் எடுத்தது.

மீதி ஆறையும்
கொண்டாங்க, நான் குத்தறேன் என்று
அவன் வாங்கிக் குத்தினான்,
எல்லாம் கோணலாக.